அந்தியோகியாவா, மிலேத்துவா? ஆரணிச் சபைகளும் இறைபணிக்கு வழியனுப்புதலும்

ஜூன் மாதம் இறையியல் கல்லூரிகள் திறக்கும். அதற்கு முந்தைய ஞாயிறுகளில் தமிழ்நாட்டின் ஏதோ ஒரு குருசேகரத்தில் ஆராதனை வழக்கத்தைவிடச் சற்று நீளும். அறிவிப்புகள் முடிந்ததும் ஆயர் ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ முன்னால் அழைப்பார். பெற்றோரும் வந்து நிற்பார்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியை, வாலிபர் சங்கச் செயலாளர், சேகரக் குழுவின் மூத்த உறுப்பினர் என்று ஒவ்வொருவராகச் சில வார்த்தை பேசுவார்கள். ஒரு சால்வை, ஒரு வேதாகமம், பயணச் செலவுக்கென்று ஒரு கவர். பிறகு தலைமேல் கைவைத்து ஜெபம். கடைசியில் ஆலய வாசலில் எல்லாரும் நின்று ஒரு படம்.

அந்தச் சில நிமிடங்களில் சபை செய்தது என்ன? ஒரு பிள்ளைக்கு வாழ்த்துச் சொன்னதா, அவரை விட்டுக்கொடுத்ததா, அவருக்காக ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டதா? முதல் இரண்டும் பெரும்பாலும் நிறைவாகவே நடந்துவிடுகின்றன. மூன்றாவது பேச்சோடு நின்றுபோகிறது. பட்டுத் தறிக்கும் பொன்னி அரிசிக்கும் பேர்போன ஆரணி வட்டாரத்தின் திருச்சபை வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அந்த மூன்றாவது பொறுப்பு இச்சபைகள் பிறந்தபோதே கூடப் பிறந்தது என்பது விளங்கும்.

வேதாகமத்தில் இரண்டு விடைபெறல்கள்

அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தில் சபை ஒருவரை வழியனுப்பும் காட்சிகள் பல உண்டு. அவற்றில் இரண்டு ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறானவை.

13ஆம் அதிகாரத்தில் அந்தியோகியாச் சபை உபவாசித்து, ஜெபித்து, பர்னபாவின் மீதும் சவுலின் மீதும் கைகளை வைத்து அனுப்புகிறது. அவர்கள் சீப்புரு தீவிலும் சின்ன ஆசியாவின் பட்டணங்களிலும் சுற்றி, அடியும் கல்லெறியும் பட்டு, 14ஆம் அதிகாரத்தின் முடிவில் அதே அந்தியோகியாவுக்குத் திரும்புகிறார்கள். சபையைக் கூட்டி, நடந்தவற்றை அறிவிக்கிறார்கள். அங்கே சீஷரோடு நெடுநாள் தங்குகிறார்கள். அனுப்பியவர்களுக்குக் கேட்கும் உரிமை இருந்தது. போனவர்களுக்குச் சொல்லும் கடமை இருந்தது.

20ஆம் அதிகாரத்தின் மிலேத்து வேறு. எபேசுச் சபையின் மூப்பர்களை அங்கே வரவழைத்த பவுல், இனி என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள் என்ற பொருளில் பேசுகிறார். எல்லாரும் முழங்காற்படியிட்டு ஜெபிக்கிறார்கள், கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், கப்பல்வரைக்கும் கூடவே போய் விடைகொடுக்கிறார்கள். அதன்பின் திரும்பி வருதல் இல்லை.

இறையியல் படிக்கப் போகிறவரை அனுப்பும் ஞாயிறு இயல்பில் அந்தியோகியாவின் ஞாயிறு. அவர் இன்னும் அந்தச் சபையின் பிள்ளைதான். நான்கைந்து ஆண்டுகள் விடுமுறைதோறும் வருவார். அழைப்பு உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கும் காலமே இனிமேல்தான் தொடங்குகிறது. மிலேத்துவின் நாள் பிறகு ஒருநாள் வரும்: படிப்பு முடிந்து, அபிஷேகம் பெற்று, பேராயர் அவரை வேறோர் ஊருக்கு ஆயராக நியமிக்கும்போது. ஆனால் நம் சபைகள் பலவும் மிலேத்துவின் கண்ணீரை முதல் நாளிலேயே சிந்தித் தீர்த்துவிடுகின்றன. சால்வை போர்த்திய அன்றே கணக்கு முடிந்ததாக எண்ணிக்கொள்கின்றன. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கமண்டல நாகநதிக் கரையில்

கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணி, ஒரு காலத்தில் மராத்திய ஜாகீர்தார்களின் ஊர். இன்று திருவண்ணாமலை மாவட்டத்தின் முக்கிய வணிக நகரம். அதன் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. இந்த வட்டாரத்தின் சீர்திருத்தத் திருச்சபைகள் அமெரிக்க ஆர்க்காடு மிஷனின் வழிவந்தவை. ஹென்றி மார்ட்டின், வில்லியம் வாட்டர்பரி, ஜோசப் என்ற மூன்று ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் அந்த மிஷனை நிறுவினார்கள். வேலூர், சித்தூர் ஆகியவற்றோடு, தொடக்கக் காலத்திலேயே மிஷன் நிலையம் அமைந்த ஊர்களில் ஆரணியும் ஒன்று.

இந்தச் சகோதரர்களின் வாழ்க்கையே பிரிவுகளால் ஆனது. தந்தை ஜான் ஸ்கடர் 1819இல் மருத்துவ ஊழியராக இலங்கை வந்தவர். மூத்தவர் ஹென்றி 1822இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பிறந்தார். தமிழ் காதில் விழ வளர்ந்த பிள்ளைகள் சிறுவயதிலேயே கப்பலேறி, மாதக்கணக்கில் பயணம் செய்து, பெற்றோரைவிட்டு அமெரிக்காவில் போய்ப் படித்தார்கள். ஊழியராகத் திரும்பி வந்தபோது வளர்ந்த மனிதர்களாயிருந்தார்கள். பயிற்சிக்காக வீட்டைவிட்டுப் போவது எத்தகையது என்பது ஆர்க்காடு மிஷனை நிறுவியவர்களுக்குத் தங்கள் சொந்த வாழ்க்கையிலேயே தெரிந்திருந்தது.

அவர்கள் கொண்டுவந்த சபை ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. ஸ்கடர்கள் சார்ந்த சீர்திருத்தச் சபை மரபில் ஒவ்வொரு சபைக்கும் மூப்பர் குழு உண்டு. பல சபைகள் சேர்ந்த வட்டார மன்றத்துக்குக் கிளாசிஸ் என்று பெயர். ஆர்க்காட்டின் கிளாசிஸ் 1853லேயே அமைக்கப்பட்டது. இந்த மரபில் ஊழியத்துக்குப் படிக்கப் போகிறவர் கல்லூரியின் மாணவர் மட்டுமல்லர். படிப்புக் காலம் முழுவதும் தம் சொந்தச் சபையின் மூப்பர் குழு, கிளாசிஸ் ஆகியவற்றின் பராமரிப்பில் இருப்பவர். அவருடைய ஆவிக்குரிய வளர்ச்சியையும் பணத் தேவையையும் நடத்தையையும் விசாரிப்பது அவர்களுடைய வேலை. கல்லூரி பாடம் சொல்லித் தரும். அழைப்பை உறுதிசெய்யும் பங்கு சபையுடையது. ஆரணிச் சபைகளின் வேரிலேயே இந்தக் கருத்து இருந்தது.

ஆனால் நடைமுறை வேறாக இருந்தது. சேர விரும்புகிறவர்கள் சாதி வேறுபாட்டைக் கைவிட வேண்டும் என்று மிஷன் வற்புறுத்தியது. ஆங்கிலப் பள்ளிகளைவிடத் தாய்மொழிப் பிரசங்கத்தையும் கிராமங்களையும் முதன்மையாக வைத்தது. இப்படி எழுந்த சபைகள் பெரும்பாலும் நெசவுத் தெருக்களில் தோன்றவில்லை. கூலிக்கு வயல்வேலை செய்த ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகளில் தோன்றின. 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு இத்தகைய கிராமச் சபைகள் வேகமாகப் பெருகின. அந்தக் குடும்பங்களில் ஒரு பையன் படிக்கப் போனால் ஓர் ஆளின் கூலி நின்றுபோகும். உபதேசியார் சம்பளத்தை மிஷன் கொடுத்தது. இடத்தையும் மிஷனே முடிவுசெய்தது. ஆகவே கிராமத்துச் சபை பிள்ளையைக் கொடுத்தது, ஆனால் அவரைப் பற்றிய முடிவுகளில் அதற்குக் குரல் இல்லாமல் போனது. பராமரிக்கும் பொறுப்பு காகிதத்தில் மூப்பர்களிடம் இருந்தது. உண்மையில் அது நிலையத்து மிஷனரியின் கைக்குப் போய்விட்டது.

ஆரணியும் அந்நாளில் அனுப்பும் ஊராக மட்டும் இருக்கவில்லை. மிஷன் அங்கே தொழிற்பள்ளி நடத்தியது. பின்னாளில் அந்தப் பணி காட்பாடிக்குப் பெயர்ந்தது. சுற்றியுள்ள கிராமங்களின் பிள்ளைகளுக்கு முதல் பிரிவு ஆரணியில்தான் நடந்தது. கிராமத்திலிருந்து நிலையம், நிலையத்திலிருந்து இறையியல் பள்ளி, அங்கிருந்து முன்பின் தெரியாத வேறொரு கிராமம் என்று படிப்படியாக அவர்கள் வீட்டைவிட்டு விலகிப்போனார்கள்.

பலமநேரிலிருந்து மதுரைக்கு

1880களின் இறுதியில் மிஷன் தன் இறையியல் கல்லூரியைப் பலமநேரில் தொடங்கியது. இன்றைய ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், மலைவழி ஏறிப் போக வேண்டிய ஊர் அது. ஆரணியிலிருந்து வேலூர் வழியாகப் போனால் நூறு கிலோமீட்டருக்குச் சற்றே கூடும். மாணவர் தமிழர், தெலுங்கர் என இரு சாரார். கல்லூரி பின்னர் வேலூருக்கு வந்தபோது ஆரணிக்காரர்களுக்குத் தொலைவு குறைந்தது. ஞாயிறு வந்து திங்கள் திரும்பிவிடலாம் என்ற அளவுக்கு அது பக்கம்.

மறுபக்கம் கல்வியின் தரத்தை உயர்த்தப் பல மிஷன்கள் கைகோத்தன. 1910இல் பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரி உருவானது. ஆர்க்காடு மிஷனும் அதன் நிறுவனர்களில் ஒன்று. சபைகளும் ஒன்றாகிக்கொண்டிருந்தன: 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.). ஆரணி வட்டாரம் சென்னைப் பேராயத்தின் பகுதியானது. 1976இல் வேலூர் தனிப் பேராயமாயிற்று. இடையில், 1969இல், திருமறையூர் இறையியல் கல்லூரியும் சென்னை லுத்தரன் குருகுலத்தின் தமிழ்வழிப் பிரிவும் இணைந்து மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி பிறந்தது.

இந்த இணைப்புகளால் கிடைத்த நன்மை பெரிது. லுத்தரன் மாணவரும் சி.எஸ்.ஐ. மாணவரும் ஒரே விடுதியில் வளர்ந்தார்கள். தமிழில் ஆழமான இறையியல் சிந்தனைக்கு ஒரு வீடு கிடைத்தது. மதுரை மாணவர்கள் படிப்பின் ஒரு பகுதியாக வளாகத்தைவிட்டு வெளியேறி, ஏழை மக்களின் குடியிருப்புகளில் தங்கிப் படித்தார்கள். அங்கே ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005) பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதை இறையாட்சியின் அடையாளமாக்கினார். பறையைத் தாழ்வாக எண்ணச் சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு அந்த வகுப்பறை என்ன செய்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இழப்பும் இருந்தது. ஆரணியிலிருந்து மதுரை 350 கிலோமீட்டருக்கு மேல். நகரத்துக்குள் ரயில் கிடையாது. ‘ஆரணி ரோடு’ என்ற பெயருள்ள நிலையம் களம்பூரில் இருக்கிறது. மாணவர் என்ன படிக்கிறார், எதில் தடுமாறுகிறார், அவருடைய விசுவாசம் எந்தக் கேள்விகளால் உலுக்கப்படுகிறது என்பதெல்லாம் அனுப்பிய சபைக்கு எட்டாமல் போயிற்று. கல்லூரி எவ்வளவு நல்லதோ, அவ்வளவு மாறிப்போய்த் திரும்புவார் மாணவர். அந்த மாற்றத்தை அறியாத சபை விடுமுறைக்கு வந்தவரின் பிரசங்கத்தைக் கேட்டு, படித்துக் கெட்டுப்போனார் என்று சொல்லக்கூடும். மாணவருக்கோ ஊர் சிறுத்துவிட்டதாகத் தோன்றக்கூடும். இருவருமே தவறு செய்யவில்லை. இடையில் பேச்சு நின்றுபோனதே காரணம்.

தமிழ்ச் சபைகள் கற்றவை

இந்தச் சிக்கல் ஆரணிக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்ச் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் முதல் தலைமுறையிலேயே இது இருந்தது. மிஷனரி சீகன்பால்கு 1716இல் தரங்கம்பாடியில் உள்ளூர் ஊழியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். கடலூர்க்காரரான ஆரோன் 1733 டிசம்பர் 28இல் குருவாக அபிஷேகம் பெற்றார். முதல் தமிழ்ச் சீர்திருத்தப் போதகர் அவர்தான். அவர் பணி செய்தது மாயவரம் பகுதியின் கிராமங்களில். பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்த வேதநாயகத்தை ஏறத்தாழ பன்னிரண்டு வயதில் மிஷனரி சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். பிற்காலத்தில் வேதநாயக சாஸ்திரியார் என்று தமிழுலகம் அறிந்த கவிஞரானார் அவர். நெல்லை ஒரு பிள்ளையைக் கொடுத்தது, தஞ்சை ஒரு சாஸ்திரியாரைப் பெற்றது.

திருநெல்வேலி இந்த அனுபவத்தை ஒழுங்காக மாற்றிய ஊர். 1903இல் அங்கே பிறந்த இந்திய மிஷனரி சங்கம் தன் ஊழியர்களைத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பியது. வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா 1909இல் அங்குள்ள தோர்ணக்கல்லுக்குப் போய், 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். அந்தப் பணியை உள்ளூர்க் காணிக்கை தாங்கியது. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் வழக்கம் தென்னாட்டுச் சபைகளில் வேரூன்றியிருந்தது. ஒவ்வொரு நாளும் அடுப்பங்கரையில் ஒருவரை நினைத்துக் கை அரிசிப் பானைக்குள் போனால் அவரை மறப்பது கடினம். பணம் எவ்வளவு சேர்ந்தது என்பதைவிட, அனுப்பிய வீடுகள் தினமும் பங்கெடுத்தன என்பதே முக்கியம்.

யாழ்ப்பாணத்து டி.டி. நைல்ஸ் இன்னொரு சான்று. பெங்களூர் ஐக்கியக் கல்லூரியில் படித்துத் திரும்பிய இந்த மெதடிஸ்ட் ஊழியர், 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதல் மாநாட்டில் தொடக்கப் பிரசங்கம் செய்தார். உலக மேடைகளில் நின்றபோதும் இலங்கைச் சபையின் பொறுப்புகளை அவர் விடவில்லை. 1970இல் வேலூரில்தான் காலமானார்.

ஆரணிக்குத் தெற்கே சேத்துப்பட்டில் இன்னொரு பாடம் கண்முன்னே இருக்கிறது. பிரெஞ்சுக் குருவான தாராஸ் அடிகளின் உழைப்பால் வளர்ந்த கத்தோலிக்கச் சமூகம் அங்கே உண்டு. கத்தோலிக்க மரபில் புதிதாகத் திருநிலைப்படுத்தப்பட்ட குரு தம் சொந்தப் பங்குக்கு வந்து நன்றித் திருப்பலி நிறைவேற்றுவார். ஊரே திரண்டுவிடும். அனுப்பியவர்களிடம் திரும்பி வந்து நிற்பது அங்கே ஒரு தனிமனிதரின் நல்ல மனசைப் பொறுத்ததல்ல, வழக்கமாகவே நிலைபெற்றுவிட்டது. சீர்திருத்தச் சபைகளில் அபிஷேகம் பெரும்பாலும் பேராயத்தின் தலைமை ஆலயத்தில் நடக்கிறது. சொந்தச் சபையார் வேன் பிடித்துப் போய், கூட்டத்தில் ஒரு மூலையில் நின்று பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்த ஆராதனையில் பேராயர் மக்களின் ஒப்புதலைக் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு மெய்யாகப் பதில் சொல்லத் தகுதியுள்ளவர்கள், அவரைச் சிறுவயதிலிருந்தே அறிந்த அந்த மூலையில் நிற்பவர்கள்தான்.

பிரிவே இல்லாத கல்வி

பிரிவுதான் சிக்கல் என்றால் பிரிவையே தவிர்த்துவிடலாமே என்ற யோசனையும் உலகில் முயன்று பார்க்கப்பட்டது. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி ஒரு கசப்பான உண்மையைக் கண்டது. தலைநகரில் படித்த கிராமத்து மாணவர்களில் பலர் கிராமத்துக்குத் திரும்பவில்லை. கிராமத்தில் மெய்யாகத் தலைமை தாங்கியவர்களுக்கோ, குடும்பத்தையும் நிலத்தையும் விட்டுத் தலைநகருக்குப் போய்ப் படிக்க வழியில்லை. 1963 முதல் ரால்ஃப் விண்டர், ஜேம்ஸ் எமெரி, ராஸ் கின்ஸ்லர் ஆகியோர் கல்லூரியையே மாணவரின் ஊருக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் இருந்தபடி பாடப்புத்தகம், வாரந்தோறும் அருகிலுள்ள மையத்தில் கலந்துரையாடல் என்பது திட்டம். இந்தியாவில் இதே நோக்கோடு 1971இல் பெங்களூரில் டாஃப்டீ அமைப்பு தொடங்கியது.

வேலையையும் குடும்பத்தையும் விடாமல் படிக்க ஆயிரக்கணக்கானவர்களுக்கு இந்த முறை வழிதிறந்தது. நெசவாளியோ ஆசிரியரோ மாலையில் படித்துத் தம் சபையிலேயே ஊழியம் செய்யலாம். ஆனால் முழுநேரக் குருத்துவத்துக்கு விடுதிக் கல்வியை இது முழுதும் மாற்றிவிடவில்லை. அதற்குத் தகுந்த காரணமும் உண்டு. வேறு சாதி, வேறு மொழி, வேறு சபை மரபு சார்ந்தவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு, சண்டையிட்டு, ஒப்புரவாகி வாழ்வதே பயிற்சியின் பாதி. அதை வீட்டிலிருந்தபடி கற்க முடியாது. ஆகவே பிரிவு தேவையாகவே இருக்கிறது. அந்தப் பிரிவை எப்படி நடத்துவது என்பதுதான் கேள்வி.

சேகரக் குழுவின் மேசைமேல்

இன்றைய சி.எஸ்.ஐ. ஒழுங்கில் விண்ணப்பம் சொந்தச் சேகரத்தின் பரிந்துரையோடுதான் தொடங்குகிறது. அதன்பின் பேராயத்தின் தேர்வு, கல்லூரி, பயிற்சிக் காலம், அபிஷேகம், நியமனம். முதல் கதவின் சாவி உள்ளூர்ச் சபையிடம் இருக்கிறது. அடுத்த கதவுகள் எல்லாம் பேராயத்திடமும் கல்லூரியிடமும் இருக்கின்றன. அபிஷேகம் பெற்றவர் பேராயம் முழுமைக்கும் உரியவர், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் பெறுகிறவர். பேராயத்தின் ஒற்றுமைக்கு இந்த ஒழுங்கு அவசியம். தன் பிள்ளையே தனக்கு ஆயராக வேண்டும் என்று ஒவ்வொரு சேகரமும் கேட்டால் ஏழைச் சேகரத்துக்கு யாரும் வரமாட்டார்கள். ஆரணி தன் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, வேறோர் ஊர் பெற்றுக் கொடுத்த பிள்ளையைத் தன் ஆயராக ஏற்கிறது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்ற பழமொழி சேகரங்களுக்கிடையே நடைமுறையாகவே இருக்கிறது.

அதனால்தான் இடைப்பட்ட கல்விக் காலம் இன்னும் விலைமதிப்புள்ளது. அந்த ஆண்டுகளில் மட்டுமே சொந்தச் சபைக்கு அவர்மேல் உரிமையும் கடமையும் ஒருசேர இருக்கின்றன. பெண் மாணவருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் பெண்களுக்கு அபிஷேகம் தருகிறது. 2013இல் நந்தியாலில் ஈ. புஷ்பலலிதா அதன் முதல் பெண் பேராயரானார். ஆயினும் இறையியல் படிக்கும் பெண்ணிடம் விடுமுறையில் முதலில் கேட்கப்படும் கேள்வி பல ஊர்களில் கல்யாணத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. உன் கிரேக்க வகுப்பு எப்படிப் போகிறது, எந்தப் பகுதியில் பிரசங்கம் செய்ய விரும்புகிறாய் என்று கேட்க ஒரு சபை அவருக்குத் தேவை.

இதற்குப் பெரிய நிதியோ புதிய அமைப்போ வேண்டாம். வழியனுப்பும் ஞாயிறுக்கு முந்தைய சேகரக் குழுக் கூட்டத்திலேயே சிலவற்றை முடிவுசெய்து, நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதிவைக்கலாம். குழுவிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அந்த மாணவருக்குப் பொறுப்பாளர்களாக நியமிக்கப்பட வேண்டும். அவரோடு மாதம் ஒருமுறையாவது பேசுவதும், ஆண்டுக்கு ஒருமுறை கல்லூரிக்கே போய்ப் பார்ப்பதும் அவர்களுடைய வேலை. ஒவ்வொரு மே விடுமுறையிலும் சபை கூடி அவரிடம் கேட்க வேண்டும்: என்ன கற்றாய், எது உன்னை உலுக்கியது, எங்களிடம் எது மாற வேண்டும் என்று நினைக்கிறாய்? பதில் சங்கடமாக இருந்தாலும் முழுவதும் கேட்க வேண்டும். அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கை அவருடைய புத்தகங்களுக்கென்று ஒதுக்கலாம். இந்த வழி தமக்கில்லை என்று நடுவில் உணர்ந்து திரும்பி வருகிறவரையும், தோற்றவர் என்று முத்திரை குத்தாமல் அதே மரியாதையோடு ஏற்பதாக முன்கூட்டியே தீர்மானிக்கலாம். அபிஷேகம் முடிந்த பின் புதிய ஆயரின் முதல் நற்கருணை ஆராதனையில் ஒன்றைச் சொந்தச் சபையில் நடத்தப் பேராயரிடம் எழுத்தில் வேண்டுகோள் வைக்கலாம்.

அந்த ஆராதனை முடிந்ததும் புதிய ஆயர் தமக்கு நியமிக்கப்பட்ட ஊருக்குப் புறப்படுவார். மிலேத்துவின் கண்ணீருக்கு அன்றைக்கு நேரம் வந்திருக்கும். அதே வாரத்தில் சேகரக் குழு கூடி, அடுத்த ஜூனுக்கு வந்திருக்கும் விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்கலாம்.